ஓட்டோ கியர் கொரோலாவுக்கு மனுவல் பெடல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் கராஜுக்கு ஒரு டொயோட்டா கொரோலா 110 வந்தது. 1498 சிசி 5ஏ-எஃப்இ பெற்றோல் எஞ்சின், ஓட்டோ கியர். (இதில் ஓட்டோ என்று வருவதெல்லாம் கியரைத்தான், முச்சக்கர வண்டியை அல்ல.) உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அறுபதைத் தாண்டியவர். வாரம் இரண்டு தடவையாவது ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குப் போய் வருவார். 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் கார் பெரும்பாலும் வீட்டிலேயே நின்றது. திரும்ப எடுத்து ஓடத் தொடங்கிய பிறகுதான் கியர் வழுக்குவதைக் கவனித்திருக்கிறார்.

கியர் ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தோம். சிவப்பாக இருக்க வேண்டியது கருகிய கபில நிறத்தில் இருந்தது. தீய்ந்த மணமும் வந்தது. ஒயில் பானைக் கழற்றியபோது உள்ளே உராய்வுத் தட்டுகளின் தூள் படிந்திருந்தது. ஒயில் மாற்றிச் சமாளிக்கும் கட்டம் கடந்துவிட்டது.

காரை விற்று வேறு வாங்கு என்று சொல்லக்கூடிய காலமும் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய கார்களின் விலை எங்கோ போயிருந்தது. இன்னொரு பழைய ஓட்டோ கியர் பொக்ஸ் வாங்கிப் போடலாம். ஆனால் அதுவும் எத்தனை நாள் ஓடும் என்று விற்பவருக்கே தெரியாது. மனுவல் பொக்ஸ் என்றால் மூடியைத் திறக்காமலே பாதி நிலைமை தெரியும்: தண்டைச் சுற்றிப் பார்க்கலாம், கியர் மாற்றிப் பார்க்கலாம், ஆட்டம் இருக்கிறதா என்று கையாலே சொல்லலாம். அதனால் மனுவலுக்கு மாற்றுவது என்று முடிவானது.

ஆசிரியருக்கு மனுவல் புதிதல்ல. எழுபதுகளில் தகப்பனாரின் மொறிஸ் மைனரில் ஓடப் பழகியவர். ஆனால் கடந்த 15 வருடங்களாக ஓட்டோ மட்டும்தான். இடது முழங்காலில் தேய்வு இருக்கிறது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டார். அதை வேலைச்சீட்டில் எழுதினோம். எழுதியதை மறந்துவிட்டோம் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கொழும்பிலிருந்து வந்த செட்

பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் மனுவல் செட் சொல்லி வைத்தோம். ஐந்து கியர் கொண்ட சி50 பொக்ஸ், பிளைவீல், கிளச் கவர், தட்டு, இரு பக்க அக்சில்கள், கியர் லீவரும் கேபிள்களும், கிளச் பெடல், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஒயிலை அழுத்துவது), ஸ்லேவ் சிலிண்டர் (அந்த அழுத்தத்தால் நகர்ந்து கிளச்சை விடுவிப்பது). பட்டியலைப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. பிரேக் பெடல் மட்டும் இல்லை.

தொலைபேசியில் கேட்டபோது, “ஓட்டோ பிரேக் பெடலே காணும் அண்ணை, எல்லாரும் அப்பிடித்தான் போடினம்” என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மனுவலாக மாறிய ஓட்டோ கார்களில் பெரிய பிரேக் பெடலோடு ஓடுபவை நிறையவே உண்டு. நாங்களும் மறுபேச்சுப் பேசவில்லை.

கிளச் பெடல் அதன் தாங்கியோடு வந்திருந்தது. சுழலும் இடத்திலிருந்த நைலோன் புஷ்கள் தேய்ந்திருந்தன, புதிது போட்டோம். மாஸ்டர் சிலிண்டரின் பின் ரப்பருக்குள் பிரேக் ஒயில் ஈரம் இருந்தது. ரப்பர் மட்டும் மாற்றலாமா என்று யோசித்து, பழையதை நம்பாமல் உள்ளூர்க் கடையில் புது மாஸ்டர் ஒன்று வாங்கினோம். “110க்கு” என்று கேட்டோம், கொடுத்தார்கள். மேலே என்ன அளவு வார்த்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

முதல் முடிவு: பெரிய பெடலை விட்டுவைத்தது

பொக்ஸ் ஏற்றுவதும் அக்சில் பூட்டுவதும் பெரிய கதை இல்லாமல் முடிந்தன. கிளச் பெடலுக்கான இடம் பயர்வோல் தகட்டில், அதாவது எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டில், ஏற்கெனவே இருந்தது. பிரேக் பூஸ்டருக்கு (மிதிக்கும் பலத்தை எஞ்சினின் காற்றிழுவையால் கூட்டித் தரும் சாமான்) பக்கத்தில், காரின் நடுப்பக்கமாக, ஒரு சிறு மூடித் தகடு. அதைக் கழற்றி மாஸ்டரை எஞ்சின் பக்கத்திலிருந்தும் பெடல் தாங்கியை உள்ளிருந்தும் வைத்து, இரண்டு நட்டில் இறுக்கினோம். தாங்கியின் மேல்நுனியிலும் ஒரு போல்ட் துளை உண்டு. மனுவலாகப் பிறந்த காரில் அது டாஷ்போர்டுக்குள்ளே ஓடும் இரும்புச் சட்டத்தில் போய்ப் பூட்டும். இந்தக் காரில் அந்த இடத்தில் பூட்டுவதற்கு நட் ஏதும் இல்லை. “இரண்டு நட்டே இறுக்கமாத்தான் நிக்குது” என்றார் எங்கள் மூத்த மெக்கானிக். கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சரி என்று விட்டோம்.

பிரேக் பெடலைத் தொடவே இல்லை. காரணம் அப்போது நியாயமாகத்தான் பட்டது: பிரேக் சரியாக வேலை செய்கிறது, வேலை செய்வதை ஏன் கழற்ற வேண்டும்?

முற்றத்தில் முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தோம். கியர் எல்லாம் விழுந்தது, ரிவர்ஸும் சத்தமில்லாமல் விழுந்தது. கிளச் கொஞ்சம் பாரம்தான். புது மாஸ்டர், புதுக் கவர், அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குள்ளே சொல்லிக்கொண்டோம். உரிமையாளரை வரச் சொன்னோம்.

ஒழுங்கைக்குள் நடந்தது

அவர் ஓட, நான் பக்கத்தில் இருந்தேன். கராஜ் ஒழுங்கையால் போய்ப் பெரிய வீதியில் ஏறும் சந்தி. வேகத்தைக் குறைக்கக் கிளச்சை மிதித்தார். கார் ஒரு குலுக்கலோடு நின்றது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்தால் விலகிப் போய்விட்டுத் திரும்பி முறைத்தார். “நான் பிரேக்கைத் தொடவே இல்லைத் தம்பி” என்றார் ஆசிரியர். அவர் சொன்னது அவருக்குத் தெரிந்த அளவில் உண்மை.

அவரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, நான் இறங்கி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, குந்தியிருந்து காலைப் பார்த்தேன். கிளச்சை மிதிக்கும்போது செருப்பின் வலது ஓரம் பிரேக் பெடலின் இடது ஓரத்தையும் சேர்த்து அமுக்கியது. இன்னொன்றும் கண்டேன், அது இதைவிட மோசம். கிளச் முழுதாக அமுங்கியதும் கால் பிரேக் பெடலைவிடக் கீழே போய்விடுகிறது. அங்கிருந்து மெதுவாக விடும்போது செருப்பின் ஓரம் பெரிய பெடலின் அடியில் கொளுவிக்கொண்டது. காலை எடுக்க அவர் இடப்பக்கம் இழுத்துச் சறுக்க வேண்டியிருந்தது. ஏற்றத்திலோ சந்தியிலோ அந்த ஒரு நொடி போதும்.

கராஜுக்குத் திரும்பி அளந்தோம். பிரேக் பெடலின் அகலம் 12 செ.மீ. கிளச் பெடல் 6 செ.மீ. இரண்டுக்கும் நடுவில் 2 செ.மீ. அவருடைய செருப்பின் அகலம் 11 செ.மீ. கிளச்சின் நடுவே கால் வைத்தாலே செருப்பு பக்கத்துக்கு 2½ செ.மீ. வெளியே நீளும், இருப்பதோ 2 செ.மீ. இதில் ஓட்டுபவரின் கவனக்குறைவு என்று எதுவுமே இல்லை.

முற்றத்தில் நாங்கள் ஓடியபோது ஏன் தெரியவில்லை? மெக்கானிக் வெறுங்காலோடு ஓடினார். நான் காலை ஒடுக்கி, பெடலின் இடது ஓரமாக மிதிக்கும் பழக்கமுள்ளவன். இரண்டு பேருமே தினமும் மனுவல் ஓடுகிறவர்கள். கால் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது.

பழக்கத்தின் பங்கும் இருந்தது. பதினைந்து வருடமாக அவருடைய இடது கால் சும்மா இருந்த கால். அது திரும்ப வேலைக்கு வரும்போது எங்கே போக வேண்டும் என்று கண்ணால் பார்த்துப் போவதில்லை. முதலில் எது தட்டுப்படுகிறதோ அதை மிதிக்கும். நடுவில் 12 செ.மீ. அகலத்தில் ஒரு பெடல் இருந்தால் தட்டுப்படுவது அதுதான். ஓட்டோ காரில் பெடலை அகலமாக வைப்பதே எந்தக் காலாலும் எளிதில் எட்டட்டும் என்றுதான். மனுவலில் அதே வசதி எதிரியாகிறது.

அட்டை ஒட்டிப் பார்த்தது

வெட்டிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வந்த யோசனை. கிரைண்டர் கையிலேயே இருந்தது. வெட்டுவதற்கு முன் ஒரு அட்டையில் 6 செ.மீ. சதுரம் வெட்டி, பெடலில் ஒட்டி, எங்கே நின்றால் என்ன ஆகும் என்று பார்த்தோம். இந்த முழுக் கதையிலும் நாங்கள் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

ஓட்டோ பெடலின் தண்டு கிட்டத்தட்ட அகலத்தின் நடுவில் வந்து சேர்கிறது. இடப்பக்கம் 6 செ.மீ. வெட்டினால் கிளச்சுக்கு நல்ல இடைவெளி கிடைக்கும், ஆனால் மிஞ்சும் பெடலின் இடது விளிம்பில் தண்டு நிற்கும். அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது தண்டு முறுகும். மேலேயுள்ள புஷ்களும் ஒருபக்கமாகத் தேயும். இரு பக்கமும் 3 செ.மீ. வெட்டினால் தண்டு நடுவில் நிற்கும், ஆனால் கிளச் இடைவெளி 5 செ.மீ.தான், அக்சிலரேட்டரிலிருந்தும் பெடல் விலகிப்போகும். ஓடலாம்தான். தண்டு வசதியாக அமைந்த வேறு மாடல்களில் இப்படி வெட்டிய பெடல்களை நான் பார்த்திருக்கிறேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ரப்பரும் ஒரு பிரச்சினை. வெட்டிய பெடலுக்கு ரப்பர் பிடிக்காது. விளிம்பில் கொளுவி நிற்கும் ரப்பர் அது. ரப்பர் இல்லாத இரும்பை மாரி காலத்தில் ஈரச் செருப்போடு மிதித்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

“வெல்டிங் பண்ணி ஒரு கம்பி பிடிச்சு விடுவமே” என்று கராஜில் வேலை பழகும் பெடியன் கேட்டான். பிரேக் பெடலில் வெல்டிங் இல்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தோம்; அது இன்றுவரை மாறவில்லை. கிளச் பெடல் உடைந்தால் கார் கியரில் மாட்டும், இழுத்துக்கொண்டு போகலாம். பிரேக் பெடல் உடைந்தால் அதற்குப் பிறகு எடுக்க முடிவு எதுவும் இருக்காது. வெட்டிய பெடலைத் திரும்ப ஒட்டவும் முடியாது. எனவே மனுவல் காரின் பிரேக் பெடலைத் தேடுவது என்று முடிவானது.

பெடல் தேடுகிறோம் என்றதும் ஆசிரியர், “பழைய பெரிசே இருக்கட்டுமே, நான் பழகிடுவன்” என்றார். செலவு கூடும் என்று நினைத்திருக்கிறார். “சேர், நீங்கள் பழகிடுவியள். உங்கட மகன் ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டு போனால்?” என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு பிரேக் பெடல்கள், இரண்டு அளவுகள்

முதலாவது பெடல் மூன்றாம் நாள் பஸ்ஸில் பார்சலாக வந்தது. தண்டின் வளைவு, பெடலின் அளவு, ரப்பர் எல்லாம் கண்ணுக்குச் சரி. பெடியன் ஏற்றியும்விட்டான், மேலே சுழலும் போல்ட்டும் பூட்டியது, பூஸ்டர் தண்டுக்கான பின்னும் ஏறியது. மிதித்துப் பார்க்கும்போது பூஸ்டர் தண்டு நேராக நிற்காமல் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து நிற்பதை மெக்கானிக் கவனித்தார். கழற்றி மேசையில் இரண்டு பெடலையும் பக்கத்தில் வைத்து அளந்தோம்.

எங்கள் ஓட்டோ பெடலில், சுழலும் போல்ட்டிலிருந்து மிதிக்கும் இடத்தின் நடு வரை 270 மி.மீ., போல்ட்டிலிருந்து பூஸ்டர் பின் துளை வரை 68 மி.மீ. ஒன்றை மற்றதால் வகுத்தால் 3.97. கிட்டத்தட்ட நாலு மடங்கு நெம்புதல். வந்த பெடலில் 272க்கு 58. வகுத்தால் 4.69.

பெரிய எண் நல்லதுதானே, பிரேக் இலேசாக இருக்குமே என்று தோன்றும். பூஸ்டர் தண்டை அதே தூரம் தள்ள, கால் 18 சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டும். பிரேக் லைனிங் தேய்ந்து பெடல் இறங்கும் நாளில் அந்தத் தூரம் தரையிலிருந்துதான் கழியும். அதைவிட, பின் துளை 10 மி.மீ. மேலே இருப்பதால் பூஸ்டர் தண்டைச் சாய்வாகத் தள்ளுகிறது. பூஸ்டர் நேராகத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்ட சாமான். பெடல் வேறேதோ மாடலுடையது. கடைக்காரர் வாதாடாமல் மாற்றித் தந்தார், அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பெடலுக்கு முன், கடையிலேயே அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். 270க்கு 68. தண்டு சற்று வலப்பக்கம் வளைந்து, 6 செ.மீ. பெடலை அக்சிலரேட்டர் பக்கமாகக் கொண்டுபோய் வைக்கிறது. கிளச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் இப்போது 8 செ.மீ. கிளச்சுக்குப் போட்ட அதே ரப்பர் இதற்கும் பொருந்தியது.

பூட்டும்போது புஷ்கள் புதிது, பின்னைப் பிடிக்கும் கிளிப்பும் புதிது. அந்தக் கிளிப் சில ரூபாய்ச் சாமான். பழையதைத் தட்டி நிமிர்த்திப் போடும் வழக்கத்தை எங்கே கண்டாலும் எனக்குக் கோபம் வரும்.

பிறகு சீர்செய்தோம். பெடலின் விளையாட்டு, அதாவது எஞ்சினை நிறுத்திப் பூஸ்டரின் காற்றிழுவை தீரும் வரை பலமுறை மிதித்துவிட்டு, விரலால் தள்ளும்போது தடை வரும்வரை உள்ள தூரம், 1 முதல் 6 மி.மீ. வரை இருக்க வேண்டும். 3இல் வைத்தோம். விளையாட்டே இல்லாவிட்டால் பிரேக் மாஸ்டருக்குள் ஒயில் திரும்பும் துளை மூடியே நிற்கும். ஓட ஓடப் பிரேக் தானாகப் பிடித்துச் சூடாகும். பிரேக் லைட் சுவிட்சையும் நகர்த்த வேண்டியிருந்தது. புதுத் தண்டு சுவிட்சைத் தொடும் இடம் சற்று வேறு என்பதால் பின் விளக்குகள் அணையாமலே எரிந்தன. அன்றிரவு பெடியன்தான் கண்டுபிடித்தான், பட்டறி இறங்குவதற்கு முன்.

கிளச்சின் பாரம்

பிரேக் பெடல் சரியானதும் ஆசிரியர் இரண்டாம் தடவை ஓடினார். கால் கொளுவவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் முழங்காலைத் தடவத் தொடங்கினார். வேலைச்சீட்டில் நாங்களே எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பழைய மாஸ்டரைக் குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். பக்கத்தில் 5/8 என்று வார்த்திருந்தது. புதியதில் 11/16. இரண்டும் அங்குலக் கணக்கு: 15.87 மி.மீ., 17.46 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை மி.மீ.தான். ஆனால் சிலிண்டரில் கணக்குப் பரப்பில் வரும், விட்டத்தில் அல்ல. பரப்பு 198இலிருந்து 239 சதுர மி.மீ.க்கு ஏறியிருக்கிறது. அதே அழுத்தத்தை உண்டாக்க 21 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு அது சும்மா கணக்கல்ல.

5/8 மாஸ்டர் வாங்கிப் பூட்டினோம். காற்றெடுத்து, அதாவது ஒயில் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, மிதித்தால் பெடல் இலேசாக இருந்தது. ஆசிரியருக்கு நல்ல செய்தி சொல்லலாம் என்று இருந்த நேரம், ரிவர்ஸ் போட்டார் மெக்கானிக். கறகறவென்று பல் உரசும் சத்தம். கிளச் முழுதாக விடுபடவில்லை.

தகடு வளைந்தது

அரை நாள் காற்றெடுத்தோம். காற்று இல்லை. கிளச் தட்டைப் பிசகாகப் பூட்டிவிட்டோமோ என்று பொக்ஸை இறக்குவது வரை பேச்சுப் போனது. இறக்காமல் தப்பியது ஒரு தற்செயல். பெடியன் கிளச்சை மிதிக்க, நான் எஞ்சின் பக்கத்தில் ஸ்லேவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் எதேச்சையாக மாஸ்டர் பக்கம் போனது. அவன் மிதிக்க மிதிக்க மாஸ்டர் சிலிண்டர் முழுதாக முன்னால் வந்தது. பயர்வோல் தகடே வளைகிறது.

ஒரு மரக்குச்சியை நிலையான இடத்தில் கட்டி அளந்தால் 4 மி.மீ. கையால் ஆட்டிப் பார்த்து “அசையவில்லை” என்று நான் சொன்ன அதே தாங்கிதான். காலால் மிதிக்கும் பலத்தைப் பெடல் ஐந்து மடங்குக்கு மேல் பெருக்கித் தகட்டின் மேல் போடுகிறது. கையால் ஆட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல.

இதன்பின் கணக்குப் போட்டபோதுதான் முதல் நாள் ரிவர்ஸ் ஏன் சத்தமில்லாமல் விழுந்தது என்று புரிந்தது. ஸ்லேவ் 13/16 அங்குலம். மாஸ்டர் பிஸ்டன் முழுதாக 25 மி.மீ. நகர்ந்தால், 5/8 மாஸ்டர் ஸ்லேவை 14.8 மி.மீ. தள்ளும், கிளச் விடுபட அது போதும். தகடு 4 மி.மீ.யைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது 21, ஸ்லேவ் 12.4 மி.மீ.தான் போகும். அது போதாது. பிழையாக வாங்கிய 11/16 மாஸ்டரோ அதே 21 மி.மீ.யில் ஸ்லேவை 15 மி.மீ. தள்ளிவிட்டது. ஒரு பிழை இன்னொரு பிழையை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் முழங்கால் வலியோடு கார் ஓடியிருக்கும். தகடு வெடிக்கும் நாள் வரை யாருக்கும் தெரியாது.

தாங்கியின் மேல்நுனித் துளை சும்மா போட்டதல்ல என்பது அப்போது விளங்கியது. 3 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி வளைத்து, அந்தத் துளையிலிருந்து ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் சட்டம் வரை எடுத்து, இரு நுனியும் போல்ட்டில் பூட்டினோம். ஸ்டியரிங் போல்ட்டுகளில் எதையும் மாற்றவில்லை. சட்டத்தில் தனியாகத் துளை போட்டோம். எஞ்சின் பக்கத்தில் மாஸ்டருக்கு அடியில் தகட்டைப் பரப்பிப் பிடிக்க ஒரு இரும்புத் துண்டும் வைத்தோம். திரும்ப அளந்தபோது குச்சிக்கும் மாஸ்டருக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறவில்லை. ரிவர்ஸ் விழுந்தது. கிளச் பெடலின் விளையாட்டை 10 மி.மீ.யில் வைத்தோம், 5 முதல் 15 வரை ஏற்றுக்கொள்ளத்தக்கது.

ஸ்டார்ட் வயரும் கால் விரிப்பும்

ஓட்டோ காரில் லீவர் P அல்லது N இடத்தில் நின்றால்தான் ஸ்டார்ட் ஆகும். பொக்ஸ் போனதும் அந்தச் சுவிட்சும் போய்விடும். இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டிவிடுவதுதான் வழக்கம். எங்கள் எலக்ட்ரீஷியனும் அதற்குத்தான் டேப்பை எடுத்தார். நிறுத்தினோம். பதினைந்து வருடம் யோசிக்காமல் திறப்பைத் திருப்பிய கை அது. முதல் கியரில் விட்டிருந்த காரில் அப்படித் திருப்பினால் கார் முன்னே பாயும். கிளச் தாங்கியில் சுவிட்சுக்கான துளை இருந்தது. ஒரு சுவிட்ச் வாங்கிப் பூட்டி ஸ்டார்ட் வயரை அதன் வழியாக எடுத்தோம். கிளச் அமுங்கினால்தான் ஸ்டார்ட். ரிவர்ஸ் விளக்கு வயரைப் புதுப் பொக்ஸின் சுவிட்சுக்கு நீட்டினோம்.

கால் விரிப்பு சின்ன விடயம்தான், ஆனால் காரைக் கொடுத்து இரண்டாம் நாளே அவரைத் திரும்ப வரவைத்தது. “ரிவர்ஸ் சிலநேரம் உரசுது தம்பி.” வீட்டில் புதிதாகத் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட்டிருந்தார். கிளச் பெடல் கடைசி 2 செ.மீ. போகாமல் அதில் முட்டி நின்றது. ஓட்டோ காருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. விரிப்பை வெட்டினோம். ஒருவழியாகக் கிரைண்டருக்கு ஒரு வேலை கிடைத்தது என்று பெடியன் சிரித்தான். உண்மையில் கத்தரிக்கோலே போதுமாக இருந்தது.

பின்னர் நடந்தவை

முதல் வாரம் எங்கள் மெக்கானிக் மூன்று நாள் காலையில் அவருடன் போய் வந்தார். முதல் நாள் இரண்டு தடவை இடது கால் பிரேக்கைத் தேடிப் போயிருக்கிறது. பெடல் ஒடுங்கியதாலும் தள்ளி இருந்ததாலும் கால் வெறும் இடத்தில் விழுந்தது. அவர் உடனே சுதாகரித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அப்படி எதுவும் இல்லை. மொறிஸ் மைனரில் பெடல்கள் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், இதில் மேலிருந்து தொங்குகிறது, அதுதான் காலுக்கு வித்தியாசம் என்றார். ஐம்பது வருடத்துக்கு முந்திய கால் நினைவு அது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

14 மாதம் கழித்து 2024 நடுப்பகுதியில் சேர்விசுக்கு வந்தபோது கார் 11,000 கி.மீ. சொச்சம் ஓடியிருந்தது. மேல் தகட்டையும் பயர்வோலையும் விளக்கடித்துப் பார்த்தோம். வெடிப்பு இல்லை, போல்ட் தளரவில்லை. பிரேக் பெடலின் விளையாட்டு 3 மி.மீ.யிலேயே நின்றது. கிளச் பெடலில் மட்டும் கிறீச்சென்று ஒரு சத்தம். புஷ்ஷுக்குக் கிறீஸ் போட்டதும் போனது. முழங்கால் எப்படி என்று கேட்டேன். கிளச்சால் அல்ல, கோயிலில் குந்தி எழும்பினால்தான் நோகிறது என்றார்.

கூடுதலாக எட்டு நாள் போனது. அதில் பெடல் தேடிய நாட்களைவிட, இல்லாத காற்றைத் தேடி நாங்கள் வீணாக்கிய நேரம்தான் எனக்கு உறுத்துகிறது. கூடிய நாட்களுக்கு ஆசிரியரிடம் கூலி வாங்கவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

செட் சொல்லும்போதே இரண்டு பெடலும் தாங்கியோடு வேண்டும் என்று கேட்கிறோம். பிரேக் பெடல் இல்லை என்றால் விலை பேசுவதில்லை. ஒரே காரிலிருந்து கழற்றியதா என்றும் கேட்கிறோம்; ஆம் என்று சொன்னாலும் அடிமட்டத்தோடு படம் வராமல் காசு போவதில்லை. போல்ட்டிலிருந்து பெடல் நடு, போல்ட்டிலிருந்து பின் துளை: இந்த இரண்டு அளவும் இப்போது கராஜ் சுவரில் மாடல் வாரியாக எழுதியிருக்கிறது. இதுவரை நாலு மாடல்தான் சேர்ந்திருக்கிறது.

கிளச் மாஸ்டர் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போகிறோம். தாங்கியின் மேல்நுனி எதிலும் பூட்டாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதில்லை. பூட்டிய பிறகும் ஒருவர் மிதிக்க ஒருவர் குச்சி வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டத்தைக் கராஜ்காரர் ஓடுவதோடு நிறுத்துவதில்லை. உரிமையாளர் தினமும் போடும் அதே செருப்போடு, அதே விரிப்போடு, கார் நின்ற நிலையிலேயே முப்பது தடவை கிளச் மிதித்து விட வேண்டும். ஒருவர் வெளியே குந்தியிருந்து அவருடைய காலைப் பார்க்க வேண்டும். பெடியனுக்கு அது அலுப்பான வேலை. ஆனாலும் இப்போது அவன்தான் பார்க்கிறான். போன மாதம் வந்த நிசான் சன்னி காரில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் இடைவெளி சரியாக இருந்தும், சப்பாத்தின் நுனி மேலேயுள்ள ஸ்டியரிங் மூடியில் தட்டுவதைக் கண்டு சொன்னான்.